கூரை ஏன் தாழ்ந்தது? நான்கு கதவுக் கூபே கார்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் இறுதிப் பக்கத்தில், கோவை அவிநாசி சாலையில் சிக்னலுக்காக எனக்கு முன்னால் நின்றிருந்த பழைய மெர்சிடிஸ் பென்ஸ் சிஎல்எஸ் கார் ஒன்றைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தேன். பதினைந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அதன் கூரைக் கோட்டின் அழகு சிறிதும் குறையவில்லை என்பதே அந்தக் குறிப்பின் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் சில என் கருத்தோடு ஒத்துப்போயின. சில கடுமையாக மறுத்தன. சில வாங்கலாமா வேண்டாமா என்று நேரடியாகக் கேட்டன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் சிஎல்எஸ் போன்ற, கூரை தாழ்ந்து பின்னோக்கிச் சரியும் நான்கு கதவுக் கூபே கார்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கூபே என்றால் இரண்டு கதவு என்றுதான் இத்தனை காலமும் கேள்விப்பட்டிருக்கிறேன். நான்கு கதவுகளை வைத்துவிட்டு அதையும் கூபே என்று சொல்வது வியாபாரத்துக்காகச் சூட்டிய பெயர்தானே? எங்கள் மண்டியில் கிழங்கு மஞ்சளை விரலி என்று சொல்லி விற்க முடியுமா?
*(மஞ்சள் வணிகர், ஈரோடு)*

ரகத்தின் பெயரில் உங்களுக்கு இருக்கும் கண்டிப்பு எனக்கும் உண்டு என்பதால், சொல்லின் வேரிலிருந்தே தொடங்குகிறேன். கூபே என்பது ‘வெட்டப்பட்டது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிராக இரண்டு இருக்கைகள் கொண்ட பெரிய மூடுவண்டிகள் இருந்தன. அவற்றில் பின்பக்கம் பார்த்தபடி அமரும் இருக்கையை நீக்கி, முன்னோக்கி அமர்பவர்களுக்கு மட்டும் இடம் இருக்கும்படி சுருக்கிக் கட்டிய வண்டிக்கே இந்தப் பெயர் வந்தது. வெட்டப்பட்டது வண்டியின் உள்ளிடம். கதவுக் கணக்கு அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் அளவீட்டு விதியும் இதே வழியில்தான் போகிறது: பின்பகுதியின் உள்ளளவு 33 கன அடிக்குக் குறைவாக இருந்தால் கூபே, அதற்கு மேல் இருந்தால் செடான்.

நடைமுறையில் கூபே என்றாலே இரண்டு கதவு என்ற வழக்கு உலகெங்கும் வேரூன்றிவிட்டது உண்மைதான். அந்த வழக்கை மீறி, கூபே என்று வெளிப்படையாகப் பெயரிட்டே ஒரு நான்கு கதவுக் காரை 1962-இல் விற்றது இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம். பி5 என்ற அதன் பெரிய செடானின் கூரையைச் சுமார் இரண்டரை அங்குலம் தாழ்த்தியதுதான் அந்த மாற்றம்; கீழ்ப்பகுதி அப்படியே இருந்தது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமர்கள் பயணம் செய்த பி5பி கார்கள் கூரை உயர்ந்த செடான்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பதவிக்கு உயர்ந்த கூரை, ஓட்டுபவரின் ஆசைக்குத் தாழ்ந்த கூரை என்று ஒரே கார் அன்றைக்கே இரண்டாகப் பிரிந்திருந்தது. அதற்கும் முன்னால், 1955-இல் அமெரிக்காவில் ப்யூக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே நடுத்தூண் இல்லாத நான்கு கதவு ஹார்ட்டாப் கார்களைக் கொண்டுவந்தன. ஜப்பானில் 1985-இல் டொயோட்டா வெளியிட்ட கரீனா ஈடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இத்தனை முன்னோடிகள் இருந்தும், இந்த வகைக்கு ஒரு தனிச் சந்தையை உருவாக்கிய கார் மெர்சிடிஸ் பென்ஸ் சிஎல்எஸ். 2003-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் மாதிரி வண்டியாக வைக்கப்பட்டு, 2004-இல் விற்பனைக்கு வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் மைக்கேல் ஃபிங்க். அதே நிறுவனத்தின் அன்றைய இ-கிளாஸ் செடானின் அடித்தளத்தையே எடுத்துக்கொண்டு, இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைக்கூட மாற்றாமல், நீளத்தை ஏறத்தாழ 10 செ.மீ. கூட்டி, கூரையைச் சுமார் 6 செ.மீ. இறக்கினார்கள். பின்னால் மூவர் அமரும் இருக்கைக்குப் பதிலாக இருவருக்குத் தனித்தனி இருக்கைகள் வைத்தார்கள். ஓர் இடம் உண்மையாகவே வெட்டப்பட்டிருக்கிறது அல்லவா? ஆகவே பெயர் வியாபாரத்துக்கு உதவியது என்பதை ஒப்புக்கொண்டாலும், அது பொருந்தாத பெயர் என்று என்னால் சொல்ல முடியாது. இந்த ஒரு காரின் வெற்றியைப் பார்த்த பிறகு 2008-இல் ஃபோக்ஸ்வேகன் பஸாட் சிசி, 2009-இல் போர்ஷே பனமேரா, 2010-இல் ஆஸ்டன் மார்ட்டின் ரபீடும் ஆடி ஏ7-உம், 2012-இல் பிஎம்டபிள்யூ 6 சீரிஸ் கிரான் கூபே என்று வரிசையாக வந்தன.

பனியன் கம்பெனி நடத்துகிறேன். சாலையில் எத்தனையோ விலையுயர்ந்த கார்கள் போகின்றன. எதையும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வகைக் காரை மட்டும் நிறுத்திவிட்டுப் போனவர் சாவியைப் பையில் போட்டபடி ஒருமுறை திரும்பிப் பார்ப்பதையும், அவரோடு சேர்ந்து நானும் பார்ப்பதையும் கவனித்திருக்கிறேன். இதற்கு ஏதாவது காரணம் உண்டா, அல்லது வெறும் மயக்கமா?
*(பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்)*

காரணம் உண்டு, அது உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. ஒரே துணி, ஒரே ஜிஎஸ்எம் (துணியின் எடை அளவு), ஒரே சாயம் என்றாலும், இரண்டு கட்டிங் மாஸ்டர்களிடம் கொடுத்தால் ஒருவர் வெட்டிய சட்டை தோளில் அழகாக உட்காரும், மற்றவர் வெட்டியது தொங்கும். இ-கிளாஸும் சிஎல்எஸ்ஸும் ஒரே துணியில் வெட்டிய இரண்டு சட்டைகள். வேறுபாடு முழுவதும் வெட்டில்தான் இருக்கிறது.

அடுத்த முறை அப்படியொரு காரைப் பார்க்கும்போது, முன்பக்க விளக்கையும் கிரில்லையும் விட்டுவிட்டு, பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சாதாரண செடானில் கூரை முன்கண்ணாடியிலிருந்து ஏறி, நான்கு பேர் தலைக்கும் மேலே சமமாக ஓடி, பின்கண்ணாடிக்கு வந்ததும் மடங்கி இறங்கும். அதாவது மூன்று பெட்டிகளை அடுத்தடுத்து வைத்தாற்போல் இருக்கும். கூபேயில் கூரையின் உச்சி ஓட்டுநரின் தலைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து இறங்கத் தொடங்கும் கோடு பின்னிருக்கையின் மேலும் பின்கண்ணாடியின் மேலும் எங்கும் முறியாமல் டிக்கியின் விளிம்பு வரை வழிந்து செல்கிறது. கதவுகளில் தகடு மேலேறி, கண்ணாடியின் உயரம் குறைகிறது. பக்கவாட்டு உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தகடு, ஒரு பங்கு கண்ணாடி என்ற அளவை நெருங்கும்போது, வண்டி தரையோடு ஒட்டிப் பதுங்கியிருப்பதாக நம் கண் உணர்கிறது. கதவுக் கண்ணாடிகளைச் சுற்றிச் சட்டம் இல்லாததாலும், நடுத்தூணைக் கறுப்பாக்கி மறைத்துவிடுவதாலும், முன்னிருந்து பின்வரை கண்ணாடி ஒரே இலைபோல நீண்டு தெரிகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டு கதவுக் கூபேயைவிட நான்கு கதவுக் கூபேயில் அந்தக் கூரைக் கோடு நீளமானது. பின்னிருக்கைக்கும் பின்கதவுக்கும் இடம் வேண்டும் என்பதற்காக அச்சுகளுக்கு இடையே தூரம் கூடுகிறது. அந்தக் கூடுதல் தூரம் முழுவதையும் கோடு எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் மெதுவாக இறங்குகிறது. குடும்பத்துக்காகச் சேர்த்த நீளம் அழகாகவும் மாறிவிடுகிற இந்த இடம்தான், என்னைப் பொறுத்தவரை, இந்த வகையின் உயிர்.

கோடு என்பதன் மதிப்பை நான் கற்றுக்கொண்டது எந்த ஷோரூமிலும் இல்லை. பள்ளி விடுமுறை நாள்களில், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த என் பெரியப்பாவுக்குச் சாப்பாட்டுக் கூடை எடுத்துச் செல்வேன். பக்கத் தகடு அடித்து முடித்த பேருந்தின் பின்மூலையில் அவர் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தகட்டோடு கன்னம் ஒட்டுமளவுக்குச் சாய்ந்து முன்பக்கம் வரை பார்ப்பார். கூரையில் தொங்கிய ட்யூப் லைட்டின் வெளிச்சம் அந்தத் தகட்டில் ஒரு வெள்ளைக் கோடாக விழும். அந்தக் கோடு எங்கேயாவது நெளிந்தால் சுண்ணக்கட்டியால் அந்த இடத்தில் வட்டம் போட்டுவிட்டு, “கோடு ஒடையுதுப்பா, இன்னொரு தட்டு தட்டோணும்” என்பார். பயணிகளில் ஒருவர்கூட அந்த நெளிவைப் பார்க்கப்போவதில்லை என்று நான் ஒருமுறை சொன்னபோது, பஸ்ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் எது நல்ல வண்டி என்று அவர்கள் கண்ணுக்குத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாது என்றார். நீங்களும் அந்தக் கார் உரிமையாளரும் திரும்பிப் பார்ப்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்து என் சொந்தத் தேர்வையும் சொல்லிவிடுகிறேன். முதல் தலைமுறை சிஎல்எஸ்தான் இன்றளவும் முதலிடம்; விளக்கிலிருந்து விளக்கு வரை ஒரே வில். 2010-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் பின்சக்கரத்துக்கு மேலே தோள்போல ஒரு புடைப்பைச் சேர்த்தார்கள். வலிமை கூடியது, அமைதி குறைந்தது. ஆடி ஏ7-இல் பின்கண்ணாடியோடு சேர்ந்து டிக்கி முழுவதும் மேலெழுவதால் அழகோடு பயனும் இருக்கிறது. முதல் பனமேராவின் பின்பகுதி கனத்துக் கிடந்தது. 2016-இல் வந்த அடுத்த தலைமுறையில் அந்தக் குறை நீங்கியது. பார்க்க மட்டும் என்றால் ரபீட் எல்லாவற்றையும் விஞ்சும். பின்னிருக்கையில் பெரியவர்கள் நெடுந்தூரம் போக முடியாது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். இப்போதைய செடானை மாற்றிவிட்டு இந்த வகைக் கார் வாங்க வேண்டுமென்று என் கணவர் ஆசைப்படுகிறார். குழந்தையின் அப்பாருவுக்கும் அப்பத்தாவுக்கும் எழுபது வயது கடந்துவிட்டது. இருவருக்கும் முழங்கால் வலி உண்டு. மாதம் ஒருமுறை பழனிக்குக் குடும்பத்தோடு போய் வருவோம். இது எங்களுக்கு ஒத்துவருமா?
*(வாசகி, பொள்ளாச்சி)*

அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவரின் ஆசையை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் நிலையில், வீட்டின் ஒரே காராக இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இந்த வகைக் காரில் இருக்கை நம் முழங்கால் மட்டத்துக்குக் கீழே இருக்கும். உட்காரும்போது உடல் இறங்க வேண்டும்; எழும்போது முழு எடையையும் தொடையும் முழங்காலும் தூக்க வேண்டும். அதோடு, பின்கதவுத் திறப்பின் மேல்விளிம்பு கூரையோடு சேர்ந்து சரிவதால், தலையைக் குனிந்தும் இடுப்பை வளைத்தும் ஒரே நேரத்தில் நுழைய வேண்டியிருக்கும். இளையவர்களுக்கு இது ஒரு நொடி வேலை. அப்பாரு கதவின் மேல்விளிம்பை ஒரு கையாலும் வேட்டியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, பிடிப்பதற்கு மூன்றாவது கை இல்லாமல் தவிப்பதைப் பார்த்தால், அந்தக் காரின் மேல் உங்கள் கணவருக்கே வருத்தம் வந்துவிடும். பழைய அம்பாசிடரில் அவர்கள் ஏறியதை நினைத்துப் பாருங்கள். அதன் உயரம் ஏறத்தாழ 1.6 மீட்டர், நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தார்கள். முதல் சிஎல்எஸ்ஸின் உயரம் 1.4 மீட்டருக்கும் சற்றுக் குறைவு.

ஐந்து பேர் என்பதும் சிக்கல்தான். சில மாடல்களில் பின்னால் இரண்டே இருக்கைகள். மூன்றாவது இருக்கை உள்ளவற்றிலும் நடுவில் மேடு இருக்கும். அங்கே அமர்பவருக்குத் தலையும் இடிக்கும், காலும் மடங்கும்.

கணவர் பிடிவாதமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஷோரூமுக்கு அவர் தனியாகப் போகாமல் பெரியவர்கள் இருவரையும் அழைத்துப் போகட்டும். அவர்கள் பின்னிருக்கையில் மூன்று முறை ஏறி இறங்கட்டும். முதல் முறை மரியாதைக்காக ‘நல்லாத்தான் இருக்குது’ என்பார்கள், மூன்றாவது முறை முகமே பதில் சொல்லிவிடும். தோப்பு வீட்டில் இன்னொரு உயரமான வண்டி நிற்குமானால், இரண்டாவது காராக இதைத் தாராளமாக வாங்கலாம். நீங்கள் இருவரும் மட்டும் அதிகாலையில் ஆழியாறு வரை போய் வருவதற்கு இதைவிட இனிய வண்டி கிடையாது.

எங்கள் ஊரில் வேகத்தடை இல்லாத தெரு இல்லை. ரிக் வண்டி ஓடும் பாதையில் தாழ்வான கார் அடி வாங்காமல் போகுமா?
*(போர்வெல் ரிக் உரிமையாளர், திருச்செங்கோடு)*

போகும், பழக வேண்டும். தாழ்வான கார் மட்டுமல்ல, நீளமான கார் என்பதும் இங்கே முக்கியம். முன்சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கிய பிறகு, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் வயிற்றுப் பகுதிதான் உரசும். அச்சுகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். பின்னால் ஆள் ஏறியிருந்தால் இன்னும் இறங்கும். உயரமான வேகத்தடையில் நேராக ஏறாமல் சற்றுக் குறுக்காக ஏற்றினால், நான்கு சக்கரங்களும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி வயிறு தப்பிக்கும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள மாடல்களில் பொத்தானை அழுத்தி வண்டியைச் சிறிது உயர்த்திக்கொள்ளலாம். அதைவிட எனக்குக் கவலை டயரைப் பற்றித்தான். இந்தக் கார்களுக்குப் பக்கச்சுவர் குறைந்த டயர்களைப் போடுகிறார்கள். ரிக் லாரிகளின் எடையில் ஓரம் சிதைந்த சாலைக் குழியில் வேகமாக இறங்கினால், டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிடும், ரிம்மும் நெளியும். காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர் என்று ஸ்டெப்னியே கொடுக்காத மாடல்களும் உண்டு. வாங்கும் முன் டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

என் நண்பரின் காரில் கதவின் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி தானாகச் சிறிது கீழே இறங்குகிறது. கதவை மூடியதும் மேலேறுகிறது. இது கோளாறா?
*(ஜவுளி ஏற்றுமதி நிறுவன ஊழியர், கரூர்)*

கோளாறு இல்லை, அப்படித்தான் இயங்க வேண்டும். சாதாரணக் கதவில் கண்ணாடியைச் சுற்றித் தகட்டுச் சட்டம் இருக்கும். சட்டமற்ற கதவில் கண்ணாடியின் மேல்விளிம்பு நேராகக் கூரையோரத்து ரப்பருக்குள் நுழைந்து நிற்கிறது. அப்படியே திறந்தால் ரப்பர் கிழியும். அதனால் கைப்பிடியைத் தொட்டதும் மோட்டார் கண்ணாடியைச் சற்றே இறக்கி, கதவு மூடியதும் மறுபடி ஏற்றி ரப்பருக்குள் அழுத்துகிறது. கண்ணாடியைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் மட்டும் கூடாது.

என் உறவினரின் கார் ஒன்றில் கதவு அடிபட்டு, நகரத்துப் பட்டறை ஒன்றில் டிங்கரிங் செய்துகொடுத்தார்கள். வெளியில் பூச்சு அழகாகவே இருந்தது. கண்ணாடி எங்கே போய் நிற்க வேண்டும் என்ற அளவை மோட்டாருக்கு மறுபடி பதியவைக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது ஐப்பசி மழையில்தான் தெரிந்தது; ஒரே இரவில் இருக்கையின் தோலும் தரைவிரிப்பும் ஊறிப்போயின. காய்ந்து நாற்றம் போவதற்கு இரண்டு மாதங்கள் ஆயின. ஆகவே இந்தக் கார்களில் கதவு வேலை செய்தால், வண்டியை எடுப்பதற்கு முன் கூரையோரத்தில் ஐந்து நிமிடம் தண்ணீர்க் குழாயைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

புதிய கார் வாங்கும் வசதி எனக்கு இல்லை. பத்து ஆண்டு பழைய நான்கு கதவுக் கூபே ஒன்று, புதிய நடுத்தர எஸ்யூவியின் விலைக்கே கிடைக்கிறது. வாங்கலாமா?
*(பம்ப்செட் உதிரிபாகத் தயாரிப்பாளர், கோவை)*

விலை ஏன் இவ்வளவு இறங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டு வாங்கினால் வாங்கலாம். புதிய சொகுசுக் காரின் விலையில் பெரும்பங்கு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு மேல், 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். 50 லட்ச ரூபாய்க் காருக்கு அது மட்டுமே 10 லட்சம். முதல் உரிமையாளர் தன் காலத்து விகிதத்தில் கட்டிய வரிப் பணம் எதுவும் மறுவிற்பனையில் முழுதாகத் திரும்பி வருவதில்லை. அதனால்தான் இரண்டாவதாக வாங்குபவருக்குக் கார் மலிவாகத் தெரிகிறது. ஆனால் உதிரிபாகமும் பராமரிப்பும் காரின் இன்றைய விலைக்கு ஏற்ப இறங்குவதில்லை. அவை பழைய விலையின் உயரத்திலேயே நிற்கின்றன. உலோகத்தைக் கடைந்து அளவெடுத்துப் பழகிய உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

முதல் சோதனையைக் காலையில் செய்யுங்கள். விற்பவரிடம் முந்தைய இரவே சொல்லி, சமதளத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியானால், காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் நான்கு மூலைகளின் உயரத்தையும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே ரப்பர் பை கசிகிறது. கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய கம்ப்ரசரும் களைத்திருக்கும். அடுத்து, நான்கு கண்ணாடிகளையும் ஐந்தாறு முறை ஏற்றி இறக்கி, கூரையோர ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் விரல் சொல்லிவிடும். பிறகு என் பெரியப்பா செய்ததுபோலப் பின்மூலையில் குனிந்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் பக்கவாட்டுக் கோட்டைப் பாருங்கள். இந்தக் காரில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவதே அந்தக் கோட்டைத்தான். அடிபட்டுச் சரிசெய்யப்பட்ட வண்டியில் அது கட்டாயம் எங்காவது நெளிந்திருக்கும்.

வெளிமாநிலப் பதிவெண் கொண்ட வண்டி மிகவும் மலிவாகக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு நீதிமன்றத் தடை வந்ததால், அவை தெற்கே பெருமளவில் விற்பனைக்கு வந்தன. தடையில்லாச் சான்று பெற்று, இங்கே மறுபதிவு செய்து, காரின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியையும் கட்டிய பிறகு வரும் மொத்தத் தொகையோடுதான் விலையை ஒப்பிட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சிறிய அளவில் போதும் என்றால், 2020-இல் இந்தியாவுக்கு வந்த பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே சென்னைக்கு அருகிலுள்ள அந்த நிறுவனத்தின் ஆலையிலேயே கட்டப்படுவது. அடித்தளம் முன்சக்கர இழுவை கொண்டது என்பதால் பானெட் குட்டையாகவும் உடல் சற்று உயர்ந்தும் தெரியும். எனக்கு அதன் பக்கத் தோற்றம் நிறைவளிக்கவில்லை என்றாலும், ஓட்டுவதற்கு நல்ல கார்.

சேலத்தில் வாகன வடிவமைப்பு படிக்க விரும்பும் மாணவன் நான். எல்லோரும் எஸ்யூவி வாங்கும் காலத்தில், மின்சாரக் காருக்குத் தரைக்கு அடியில் பேட்டரி வேறு வைக்கும்போது, இந்த வடிவத்துக்கு இனி இடம் இருக்குமா, ஐயா?
*(பிளஸ் டூ மாணவர், சேலம்)*

தம்பி, கேள்வியின் முதல் பாதிக்கு வருத்தமான பதிலையே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வகைக்கு வழிகாட்டிய சிஎல்எஸ் மூன்று தலைமுறைகளுக்குப் பிறகு 2023-இல் நிறுத்தப்பட்டது. அதன் கூரைக் கோட்டை எஸ்யூவிகள் கடன் வாங்கிக்கொண்டன. 2008-இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6 தொடங்கிவைத்த அந்தப் போக்கு, 2024-இல் டாடா கர்வ், சிட்ரோயன் பஸால்ட் ஆகியவற்றின் மூலம் நம் ஊர்த் தெருக்களுக்கும் வந்துவிட்டது. உயரமான உடலின் மேல் சரியும் கூரையைப் பொருத்துவது எளிதான வேலை இல்லை. சிலவற்றில் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் இறங்குவதற்குக் கோட்டுக்குப் போதுமான நீளம் இல்லாததால், அவை முதுகில் மூட்டை சுமப்பதுபோலத் தெரிகின்றன என்பது என் கருத்து.

இரண்டாம் பாதியில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. பேட்டரி தரைக்கு அடியில் போவதால் தரை உயர்கிறது, தரை உயர்ந்தால் முழங்கால் மேலேறும், அதற்கேற்ப இருக்கையையும் கூரையையும் உயர்த்த வேண்டியிருக்கும் என்பது சரியான கணிப்பு. இந்தச் சிக்கலை 2019-இல் போர்ஷே டைகான் தீர்த்த விதத்தை நீங்கள் படிக்க வேண்டும். பின்னிருக்கைப் பயணியின் பாதம் வரும் இடத்தில் மட்டும் பேட்டரி அடுக்கில் ஒரு பள்ளம் விட்டார்கள். பாதம் அந்தப் பள்ளத்தில் இறங்கியதும் இருக்கையைத் தாழ்த்த முடிந்தது. இருக்கை தாழ்ந்ததும் கூரையும் தாழ்ந்தது. ஓர் அழகான கோட்டுக்காகப் பேட்டரியில் சிறிது இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

காற்றும் இந்த வடிவத்தின் பக்கம் நிற்கிறது. வேகமாகச் செல்லும்போது மின்சாரக் காரின் சக்தியில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்பரப்பு குறைந்து, பின்பக்கம் மெல்லச் சரிந்தால் அந்தச் செலவு குறையும். கூபே கோட்டின் இயல்பே அதுதான். 2013-இல் வந்த மெர்சிடிஸ் சிஎல்ஏயின் காற்றுத் தடைக் கெழு (குறையக் குறைய நல்லது) 0.23, 2025-இல் வெளியிடப்பட்ட மின்சார சிஎல்ஏயில் அது 0.21. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஐரோப்பிய அளவீட்டின்படி அதிகபட்சம் 792 கி.மீ. ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள். அழகுக்காக மட்டும் தாழ்ந்திருந்த கூரைக்கு இப்போது கணக்கும் துணை வந்திருக்கிறது.

படிப்பில் சேர்வதற்கு முன் ஒரு நாள் கோவைக்கு வாருங்கள். அவிநாசி சாலையில், ஜி.டி. நாயுடுவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஜிடி கார் மியூசியத்தில் பல நாட்டுப் பழைய கார்கள் இருக்கின்றன. ஒரு வரைபட நோட்டும் மென்மையான பென்சிலும் போதும். ஒவ்வொரு காரையும் பக்கவாட்டிலிருந்து பார்த்து, சக்கரம், விளக்கு, கதவு எதையும் வரையாமல், பானெட் நுனியிலிருந்து டிக்கி வரை செல்லும் மேல்கோட்டை மட்டும் ஒரே இழுப்பில் வரையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பெயர் பார்க்காமல் எந்தக் கோடு எந்தக் காருடையது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பார்த்து, நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள்.